நொபுனாகாவா, நெப்போலியனா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் 1560-ல் நடந்த ஒகேஹசாமா போரைப் பற்றி எழுதியிருந்தேன். இருபத்தைந்தாயிரம் பேர் என்று சொல்லப்படும் பெரும்படையோடு வந்த இமாகாவா யோஷிமோதோவை, மூவாயிரம் பேருக்கு மேல் இல்லாத ஓடா நொபுனாகா என்ற இளைஞர், இடிமழை ஓய்ந்த கையோடு பாய்ந்து வீழ்த்திய கதை அது. அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. இந்த ஜப்பானியப் படைத்தலைவர்களை ஐரோப்பாவின் பெயர்பெற்ற தளபதிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் எப்படி இருக்கும்? எனக்கும் பிடித்த விஷயம். இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

“ஐயா, நொபுனாகாவும் நெப்போலியனும் மோதினால் யார் ஜெயிப்பார்? எங்கள் விடுதியில் இது தினமும் நடக்கும் சண்டை.”
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

நெப்போலியன் ஜெயிப்பார். ஆனால் அதனால் நெப்போலியன் பெரிய தளபதி என்று ஆகிவிடாது. நொபுனாகா இறந்தது 1582-ல். நெப்போலியன் பிறந்ததே 1769-ல். இடையில் துப்பாக்கி முனையில் செருகும் ஈட்டி வந்துவிட்டது, திரி இல்லாமலே பொறிதட்டிச் சுடும் துப்பாக்கி வந்துவிட்டது, குதிரைகள் இழுத்துக்கொண்டு ஓடும் பீரங்கி வந்துவிட்டது. நீங்கள் மோதவிடுவது இரண்டு மூளைகளை அல்ல, இருநூறு வருட இடைவெளியை.

ஒரு தளபதியை எடைபோட நான் பார்ப்பது இதைத்தான்: அவருக்கு வந்த சிக்கல் என்ன, அப்போது கையில் என்ன இருந்தது, அதே சிக்கல் வேறொருவருக்கு வந்தபோது அவர் என்ன செய்தார்? அப்படிப் பார்த்தால் நொபுனாகாவுக்கு ஜோடி நெப்போலியன் இல்லை. கொன்சாலோ டி கோர்டோபா என்ற ஸ்பானியத் தளபதி.

இருவருக்கும் வந்த சிக்கல் ஒன்றே. கையில் திரி வைத்துச் சுடும் துப்பாக்கி. ஒருமுறை சுட்டால் மறுபடி மருந்து இட்டு, குண்டு தள்ளி, திரியை ஊதித் தயாராக அரை நிமிடம் பிடிக்கும். எதிரே நாட்டிலேயே பேர்போன குதிரைப்படை. அந்த அரை நிமிடத்துக்குள் குதிரை மேலே ஏறிவிடும். என்ன செய்வது?

1503 ஏப்ரலில் இத்தாலியின் செரிஞ்ஞோலாவில் கொன்சாலோ ஒரு சரிவான திராட்சைத் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். அடிவாரத்தில் பள்ளம் வெட்டி, வெட்டிய மண்ணை இந்தப் பக்கம் மேடாகக் குவித்தார். துப்பாக்கிக்காரர்கள் மேட்டுக்குப் பின்னால் நின்றார்கள். பாய்ந்து வந்த பிரெஞ்சுக் குதிரைகள் பள்ளத்தில் தடுமாறி நின்றன. வழி தேடிப் பள்ளத்தின் ஓரமாகவே போன பிரெஞ்சுத் தளபதி நெமூர் பிரபு சுடப்பட்டு இறந்தார். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

1575 ஜூனில் ஜப்பானின் நாகாஷினோவில் நொபுனாகா செய்ததும் அதேதான். அங்கே பள்ளத்துக்குப் பதிலாக ரெங்கோ என்ற ஓடை, மேட்டுக்குப் பதிலாக மரவேலி. நாகோயாவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது அந்த இடத்துக்குப் போனேன். ஓடை என்கிறார்களே தவிர, நம் ஊர்ப் பாசன வாய்க்கால் அளவுதான். அதன் ஓரமாக ஒரு பகுதிக்கு மரவேலியை மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். வேலிக்குப் பின்னால் நின்று எதிர்க்கரையைப் பார்த்தால், குதிரைவீரனின் முகம் தெரியும் தூரம்தான். அவ்வளவு பக்கத்தில் வரவிட்டுச் சுடுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். நின்றவர்களில் பெரும்பாலோர் சாமுராய் குலத்தார்கூட இல்லை, அஷிகாரு என்ற சாதாரணக் காலாட்கள்.

நாகாஷினோவில் இன்னொரு நுட்பம் உண்டு. எதிரே வந்த குதிரைப்படையின் தலைவர் தக்கேதா கத்சுயோரி ஏன் முட்டாள்தனமாக வேலியை நோக்கிப் பாய்ந்தார் என்று பலர் கேட்பார்கள். அவர் முட்டாள் இல்லை. முந்தின இரவே, நொபுனாகாவின் கூட்டாளி இயெயாசுவின் தளபதி சக்காய் ததாட்சுகு சுமார் 4000 பேரோடு மலைவழியே சுற்றிப் போய், விடிந்ததும் தக்கேதாவின் பின்புறக் காவல் அரண்களைத் தாக்கிவிட்டார். பின்னால் வழி அடைபட்டது, முன்னால் வேலி. முன்னே போவதைத் தவிர வேறு வழி வைக்கவில்லை. யமகதா மசகாகே, பாபா நொபுஹாரு, நைதோ மசதோயோ என்று அவருடைய தந்தை காலத்து மூத்த தளபதிகள் அந்த ஒரே நாளில் போய்ச் சேர்ந்தார்கள். வேலியைப் பற்றியே பேசுகிறோம். எனக்கு அந்த இரவு நடைதான் பெரிதாகப் படுகிறது.

“மூன்று வரிசையாக மாறி மாறிச் சுடும் முறையை ஐரோப்பாவுக்கு முன்பே நொபுனாகா கண்டுபிடித்தார் என்கிறார்களே, உண்மையா?”
– வங்கி ஊழியர், சென்னை

சினிமாவில் பார்க்க அழகாக இருக்கும். சான்று போதாது. நொபுனாகாவிடமே பணிபுரிந்த ஓட்டா கியூயிச்சி எழுதிவைத்த வரலாற்றில் நாகாஷினோவில் துப்பாக்கிகள் இருந்தன, அவற்றுக்குத் தலைவர்கள் இருந்தார்கள் என்று இருக்கிறது. மூவாயிரம் துப்பாக்கி, மூன்று வரிசைச் சுழற்சி என்று அழகாக்கியவை பிற்பாடு எழுதப்பட்ட நூல்கள். இன்றைய ஜப்பானிய ஆய்வாளர்களில் பலர் அந்தச் சுழற்சிக் கதையை ஏற்பதில்லை.

ஐரோப்பாவில் இதற்கு எழுத்துச் சான்றே கிடைக்கிறது. நாசாவ் குடும்பத்தின் வில்லெம் லோடேவைக், தன் உறவினரான இளவரசர் மோரிஸுக்கு 1594 டிசம்பரில் ஒரு கடிதம் எழுதினார். பழைய ரோமானியப் படைப்பயிற்சியைப் படித்துவிட்டு, முன்வரிசை சுட்டதும் பின்னால் போய் மருந்து நிரப்ப, அடுத்த வரிசை முன்னே வந்து சுடலாமே என்று படம் போட்டே விளக்கியிருக்கிறார். டச்சுப் படைக்குப் பயிற்சி கொடுத்து அதை வழக்கமாக்கியவர் மோரிஸ்.

நொபுனாகாவின் பெருமை இதனால் குறையாது. ஜப்பான் மண்ணில் முதல் போர்ச்சுகீசியத் துப்பாக்கி வந்து இறங்கியது 1543-ல், தானேகாஷிமா தீவில். முப்பத்திரண்டே வருடத்தில் உள்ளூர்க் கொல்லர்கள் அதை ஆயிரக்கணக்கில் செய்துகொடுக்கிறார்கள், ஒருவர் அதை நம்பி ஒரு முழுப் போரையே திட்டமிடுகிறார். அந்த வேகம் போதும், அவரைக் கொண்டாட.

“சாமுராயும் ஐரோப்பிய நைட்டும் தனித்தனியாகச் சண்டை போட்டால்?”
– எட்டாம் வகுப்பு மாணவர், சேலம்

தம்பி, மழை பெய்த தரையா, குதிரை இருக்கிறதா, யாருக்குத் தூக்கம் போதவில்லை என்பதை எல்லாம் பொறுத்தது அது. நீ நினைக்கிற காலத்தில் போர்களைத் தீர்மானித்தவர்கள் அந்த இருவருமே இல்லை. ஐரோப்பாவில் சுவிஸ் விவசாயப் பிள்ளைகள் ஐந்து மீட்டருக்கும் நீளமான ஈட்டிகளோடு வரிசை கலையாமல் நின்று நைட்டுகளை நிறுத்தினார்கள். நொபுனாகாவின் காலாட்களும் அதே அளவு நீண்ட ஈட்டிகளோடுதான் நின்றார்கள். அந்த வரிசையில் நின்றவர்களைப் பற்றிப் படி. உனக்கு ரொம்பப் பிடிக்கும்.

“பொதுப்பணித்துறையில் கரை போட்டே ஓய்வுபெற்றவன் நான். ஹிதேயோஷி ஒரு கோட்டையை நீரில் மூழ்கடித்தார் என்று படித்தேன். அது நடக்கிற காரியமா? ஐரோப்பாவில் அப்படி யாராவது செய்தார்களா?”
– ஓய்வுபெற்ற பொறியாளர், திருச்சி

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. இந்தக் கேள்வியை ஒரு பொறியாளர் கேட்பதுதான் பொருத்தம்.

தொயோதோமி ஹிதேயோஷி சாதாரணக் காலாள் ஒருவரின் மகன். நொபுனாகாவிடம் சேவகராகச் சேர்ந்து தளபதியானவர். 1582-ல் மேற்கே மோரி குலத்தோடு போர். ஒகாயாமாவுக்குப் பக்கத்தில் தக்காமத்சு கோட்டையை மோரி தரப்பில் ஷிமிசு முனேஹாரு என்பவர் காத்து நின்றார். மலைக்கோட்டை இல்லை. சுற்றிலும் சதுப்பும் வயலும். குதிரை இறங்கினால் புதையும், காலாள் இறங்கினால் அம்புக்கு இரை. எந்தச் சேறு கோட்டையைக் காத்ததோ அதையே ஹிதேயோஷி ஆயுதமாக்கினார். பக்கத்து அஷிமோரி ஆற்றைத் திருப்பிவிட்டு, கரை கட்டி நீரைத் தேக்குவது. யோசனை குரோதா கன்பேய் என்ற ஆலோசகருடையது என்பார்கள். சுற்றுவட்டார விவசாயிகளுக்கு மண்மூட்டைக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு காசு என்று கொடுத்து, பன்னிரண்டு நாளில் மூன்று கிலோமீட்டர் கரை எழுப்பியதாக வழிவழியான கணக்கு.

உங்களுக்கு உடனே சந்தேகம் வந்திருக்கும். பன்னிரண்டு நாளில் மூன்று கிலோமீட்டரா? அங்கே நிலத்தின் மட்டத்தை ஆராய்ந்தவர்கள் சிலருக்கும் அதே சந்தேகம். இயற்கையாகவே மேடான பகுதிகள் இருப்பதால், தண்ணீர் வெளியேறும் வாயை மட்டும் அடைத்தாலே போதும், கரை மிகச் சிறியதாகவே இருந்திருக்கும் என்கிறார்கள். உங்கள் அனுபவமும் அதைத்தான் சொல்லும் என்று நினைக்கிறேன். மழைக்காலம் வேறு சேர்ந்துகொண்டது. கோட்டை ஏரி நடுவே தீவாகிவிட்டது. உதவிக்கு வந்த மோரி படை கரையில் நின்று வேடிக்கை பார்க்கத்தான் முடிந்தது.

அந்த நேரத்தில்தான் கியோத்தோவிலிருந்து செய்தி வருகிறது. ஹோன்னோஜி கோயிலில் தங்கியிருந்த நொபுனாகாவை அவருடைய தளபதி அக்கேச்சி மித்சுஹிதே சூழ்ந்துகொண்டார், நொபுனாகா இறந்துவிட்டார். ஹிதேயோஷி செய்தியை மூடி மறைத்தார். மோரியோடு அவசரமாகச் சமாதானம் பேசினார். ஷிமிசு முனேஹாரு ஒருவர் உயிரைக் கொடுத்தால் கோட்டையில் உள்ள மற்ற எல்லோரும் தப்பலாம் என்பது நிபந்தனை. அவர் சிறு படகில் ஏறி அந்த நீரின் நடுவே வந்து, இரு படைகளும் பார்த்திருக்க வயிற்றைக் கிழித்துக்கொண்டார். ஹிதேயோஷி உடனே படையைத் திருப்பி, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் விரட்டிக்கொண்டு போய், நொபுனாகா இறந்த பதினோராம் நாள் யமஸாகியில் மித்சுஹிதேயை முறியடித்தார்.

இதற்கு ஐரோப்பிய ஜோடி மூன்றே வருடத்தில் வந்தது. ஸ்பெயினுக்காகப் போரிட்ட பார்மா பிரபு அலெக்சாண்டர் ஃபார்னேசே, ஆன்ட்வெர்ப் நகரை முற்றுகையிட்டார். கடலிலிருந்து ஷெல்ட் நதி வழியாக நகருக்கு உணவு வந்துகொண்டே இருந்தால் முற்றுகைக்கு அர்த்தம் இல்லை. அதனால் நதியையே மூட நினைத்தார். இரு கரைகளிலிருந்தும் மரத்தூண்கள் இறக்கி, ஆழமான நடுப்பகுதியில் படகுகளை வரிசையாக நிறுத்திச் சங்கிலியால் பிணைத்து, எழுநூறு மீட்டருக்கும் மேல் நீளமான பாலம் கட்டினார். 1585 பிப்ரவரியில் நதி மூடப்பட்டது. ஏப்ரலில் நகரத்தார் வெடிமருந்து நிரப்பிய கப்பல்களை ஓட்டத்தோடு அனுப்பினார்கள். அவற்றை வடிவமைத்தவர் ஜியாம்பெல்லி என்ற இத்தாலியர். ஒன்று பாலத்தில் மோதி வெடித்தது. நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள், ஃபார்னேசேயே மயங்கி விழுந்தார். ஆனால் பாலத்தில் விழுந்த ஓட்டையை டச்சுக் கப்பல்கள் பயன்படுத்திக்கொள்ளவில்லை. எழுந்து வந்தவர் பாலத்தை மறுபடி கட்டினார். ஆகஸ்டில் நகரம் பணிந்தது.

ஆன்ட்வெர்ப் பணிவதற்குப் பதினோரு வருடம் முந்தி நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 1574-ல் ஸ்பானியர் லைடன் நகரை முற்றுகையிட்டபோது, டச்சுக்காரர்கள் தங்கள் கரைகளைத் தாங்களே உடைத்து, சொந்த வயலில் வெள்ளம் விட்டு, அதன்மேல் படகுகளில் உணவு கொண்டுபோய் ஊரைக் காப்பாற்றினார்கள். பயிர் போனாலும் பரவாயில்லை என்று ஊரே முடிவெடுத்த அந்தத் துணிவை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

ஹிதேயோஷி, ஃபார்னேசே இருவரில் யார் மேல்? கட்டுமானத்தில் ஃபார்னேசே. ஓடும் நதியில், கடல் ஏற்ற இறக்கத்தோடு, எதிரி தாக்கிக்கொண்டிருக்கும்போது கட்டினார். ஆனால் முற்றுகையை எப்போது முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்ற கணக்கில் ஹிதேயோஷிக்கு நிகர் கிடையாது.

“போரில் அதிர்ஷ்டத்துக்கு எவ்வளவு பங்கு? படையில் இருந்தவன் என்ற முறையில் கேட்கிறேன்.”
– முன்னாள் ராணுவ வீரர், வேலூர்

ரொம்பப் பெரிய பங்கு. தோகுகாவா இயெயாசுவையும் பிரஷ்யாவின் இரண்டாம் ஃப்ரெடெரிக்கையும் பாருங்கள்.

1573 ஜனவரியில் கத்சுயோரியின் தந்தை தக்கேதா ஷிங்கென் இயெயாசுவின் ஹமாமத்சு கோட்டையைச் சீண்டுவதுபோலத் தாண்டிப் போனார். போகட்டும், வெளியே வராதீர்கள் என்று மூத்தவர்கள் சொல்லியும் முப்பது வயது இயெயாசுவால் பொறுக்க முடியவில்லை. மிகத்தகஹாரா மேட்டில் பதினோராயிரம் பேரோடு போய் இரு மடங்குக்கு மேற்பட்ட படையிடம் நொறுங்கினார். நாட்சுமே யோஷினோபு என்ற பணியாளர், தானே இயெயாசு என்று கத்திக்கொண்டு எதிரிக்குள் புகுந்து உயிரைக் கொடுத்ததால்தான் அவர் கோட்டைக்குத் திரும்ப முடிந்தது. அப்புறம் என்ன ஆயிற்று? அதே வருடம் வசந்தத்தில் ஷிங்கென் நோயில் இறந்துபோனார்.

ஃப்ரெடெரிக்குக்கு 1759 ஆகஸ்டில் குனெர்ஸ்டார்ஃப். ரஷ்ய, ஆஸ்திரியப் படைகளிடம் அன்று பத்தொன்பதாயிரம் பேர் அளவுக்கு இழந்தார். அவர் ஏறியிருந்த குதிரைகள் சுடப்பட்டு விழுந்தன. நாட்டின் அழிவைக் கண்டபின் உயிரோடு இருக்க மாட்டேன் என்று அமைச்சருக்கு எழுதினார். எதிரிகள் அப்போதே பெர்லினுக்கு வந்திருந்தால் கதை முடிந்திருக்கும், வரவில்லை. 1762 ஜனவரியில் ரஷ்யப் பேரரசி எலிசபெத் இறக்க, அடுத்து வந்தவர் போரையே நிறுத்திவிட்டார்.

இரண்டு பேரையும் எதிரியின் மரணம் காப்பாற்றியது. அதிர்ஷ்டம் வந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதில்தான் எனக்கு அக்கறை. 1582-ல் தக்கேதா குலம் அழிந்தபோது, தன்னைத் தோற்கடித்த அந்தப் படையின் பழைய வீரர்களை இயெயாசு தேடிப்பிடித்து வேலை கொடுத்தார். தன் தளபதி ஈ நவோமசாவின் கீழே, தக்கேதா பாணியிலேயே செந்நிறக் கவசத்தோடு, அவர்கள் அவருடைய முன்னணிப் படையானார்கள். ஃப்ரெடெரிக் 1763-ல் அமைதி வந்ததும் படைக் குதிரைகளை உழவுக்குக் கொடுத்தார், படைக்கிடங்கின் தானியத்தை விதைக்குக் கொடுத்தார். இரண்டுமே பெரிய மனிதர் செய்கிற காரியம்.

“செக்கிகஹாராவில் இயெயாசு துரோகத்தால்தானே ஜெயித்தார்? அவரைப் போய் மாபெரும் தளபதி என்கிறீர்களே?”
– வழக்கறிஞர், மதுரை

சரி, வழக்கை முழுசாக வைக்கிறேன்.

1600 அக்டோபர் 21. காலையில் மூடுபனி. இரு பக்கமும் சேர்த்து ஒன்றரை லட்சம் பேர் என்பது பொதுவான கணக்கு. ஹிதேயோஷிக்குப் பிறகு ஜப்பான் யாருக்கு என்பதைத் தீர்த்த போர். கிழக்குப் படைக்கு இயெயாசு, மேற்குப் படைக்கு இஷிதா மித்சுனாரி. அந்த இடத்தை வரைபடத்தில் பார்த்தால் மித்சுனாரியின் ஏற்பாடு குற்றம் சொல்ல முடியாதது. பள்ளத்தாக்கின் மேற்கு வாயை அடைத்து நிற்கிறார், தெற்கே மத்சுவோ மலையில் கொபாயாகாவா ஹிதேஆகி, எதிரியின் முதுகுக்குப் பின்னால் நாங்கு மலையில் மோரி படை. எல்லோரும் இறங்கியிருந்தால் இயெயாசு தப்பியிருக்க முடியாது.

இறங்கவில்லை. கொபாயாகாவா இறங்கினார், ஆனால் மேற்குப் படையின் விலாவில். நண்பகல்வரை அசையாமல் இருந்துவிட்டுப் பிறகு பாய்ந்தார் என்பது நாம் கேட்கும் கதை. ஆரம்பத்திலேயே மாறிவிட்டார் என்று அண்மைக்கால ஆய்வாளர் சிலர் சொல்கிறார்கள். நாங்கு மலையில் இன்னும் வேடிக்கை. முன்னணியில் நின்ற கிக்காவா ஹிரோயியே ஏற்கெனவே இயெயாசுவோடு ரகசியமாகப் பேசி முடித்திருந்தார், வழியை விடவில்லை. ஏன் கிளம்பவில்லை என்று ஆள் மேல் ஆள் வந்தபோது, பின்னால் இருந்த மோரி ஹிதேமோதோ, “வீரர்கள் கட்டுச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்” என்று சொல்லிச் சமாளித்தாராம். ‘அமைச்சரின் வெறும் கட்டுச்சோறு’ என்று ஜப்பானில் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

இது தற்செயலாக நடந்ததா? அந்தக் கோடையில் இயெயாசு எதோவில் (இன்றைய டோக்கியோ) உட்கார்ந்து பல்வேறு டைம்யோக்களுக்கு, அதாவது பிரதேசப் பிரபுக்களுக்கு, நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் அனுப்பினார். யாருக்கு மித்சுனாரியைப் பிடிக்காது, யாருக்கு எந்த நிலத்தின்மேல் கண் என்று தெரிந்து எழுதியவை. போரின் பாதி அங்கே நடந்து முடிந்துவிட்டது. களத்தில் வாள் எடுத்தது மீதிப் பாதி.

இதற்கு ஐரோப்பாவில் ஜோடி தேடினால் 1485 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பாஸ்வொர்த் களம்தான். மன்னர் மூன்றாம் ரிச்சர்டுக்கும் நாடுகடந்து வளர்ந்த ஹென்றி டியூடருக்கும் போர். ஸ்டான்லி சகோதரர்கள் தங்கள் படையோடு ஓரமாக நிற்கிறார்கள். மூத்தவரின் மகன் ரிச்சர்டின் கையில் பிணை. அப்படியும் அசையவில்லை. ரிச்சர்ட் நேரே ஹென்றியை நோக்கிக் குதிரையை விட்டபோது, வில்லியம் ஸ்டான்லியின் ஆட்கள் பக்கவாட்டில் புகுந்தார்கள். ரிச்சர்ட் களத்திலேயே இறந்தார்.

இரண்டு வெற்றியாளர்களும் அடுத்து செய்ததும் ஒன்றுபோலத்தான். தங்களை ஜெயிக்க வைத்த பிரபுக்கள் நாளை வேறொருவரை ஜெயிக்க வைக்கக்கூடும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. ஹென்றி பிரபுக்களைப் பெருந்தொகைப் பிணைப்பத்திரங்களால் கட்டினார். இயெயாசு மேற்குப் பக்கம் நின்ற எண்பதுக்கும் மேற்பட்டவர்களின் நிலத்தைப் பறித்தார், 1615-ல் ஒரு மாகாணத்துக்கு ஒரு கோட்டைதான் என்று மற்றவற்றை இடிக்க வைத்தார். அவருடைய பேரன் இயெமித்சு 1635-ல், டைம்யோக்கள் ஆண்டு மாற்றி ஆண்டு எதோவில் வந்து தங்க வேண்டும், மனைவி மக்கள் எப்போதும் அங்கேயே இருக்க வேண்டும் என்று சட்டமாக்கினார்.

கட்டுச்சோற்றுப் படையின் மோரி குலத்துக்கும் நிலம் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே சுருங்கியது. அதை அவர்கள் மறக்கவில்லை. 1868-ல் தோகுகாவா ஆட்சியைச் சாய்த்தவர்களில் முன்னணியில் நின்றது அவர்களுடைய சோஷூ பிரதேசம்.

“நெப்போலியன் ரஷ்யாவில் தோற்றார். சாமுராய்களில் அப்படி அகலக் கால் வைத்தவர் உண்டா?”
– ஆசிரியை, ஈரோடு

உண்டு அம்மா, ஹிதேயோஷி. 1592-ல் கொரியா வழியாகச் சீனாவையே பிடிக்க ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட படையை அனுப்பினார். பூசானில் இறங்கிய மூன்றே வாரத்தில் சியோல் விழுந்தது. நெப்போலியன் 1812 ஜூனில் நியெமன் நதியைக் கடந்து செப்டம்பரில் மாஸ்கோவுக்குள் நுழைந்தார். முக்கிய நகரைப் பிடித்துவிட்டால் எதிரி கும்பிட்டு வருவான் என்று இருவருமே எதிர்பார்த்தார்கள். யாரும் வரவில்லை. சோறு வரும் வழி இருவருக்கும் நீண்டு நீண்டு அறுந்தது.

வித்தியாசம், நெப்போலியன் தானே படையோடு போனார், ஹிதேயோஷி கடலைத் தாண்டவே இல்லை. கியூஷூவில் உட்கார்ந்து உத்தரவு போட்டார். அவருடைய சோற்றுவழியை அறுத்தவர் ஒரு கொரியக் கடற்படைத் தலைவர், யி சுன்-சின். 1592-ல் ஹன்சான் தீவருகே ஜப்பானியக் கப்பல்களைச் சூழ்ந்து அழித்தார். பொறாமையால் பதவி பறிக்கப்பட்டு, சிறைப்பட்டு, சாதாரணச் சிப்பாயாக்கப்பட்டு, மறுபடி அழைக்கப்பட்டவர், 1597-ல் மியோங்னியாங் நீரிணையில் பதின்மூன்று கப்பல்களோடு நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்களைத் தடுத்து நிறுத்தினார். அடுத்த வருடம் நோர்யாங்கில் வெல்லும்போதே குண்டுபட்டு இறந்தார். டிரஃபால்கர் கடற்போரில் ஆங்கிலேயத் தளபதி நெல்சனுக்கும் அதே முடிவுதான். ஆனால் நெல்சனுக்குப் பின்னால் உலகின் முதல் கடற்படையும் அதன் கருவூலமும் இருந்தன. இவருக்கு அரசவையே பகை. நீங்கள் கேட்டது சாமுராயையும் ஐரோப்பியரையும்தான். இருந்தாலும் இந்தப் பெயரை விட்டுவிட மனம் ஒப்பவில்லை.

கியோத்தோவில் ஹிதேயோஷியின் கோயிலுக்குப் பக்கத்தில் புல் மூடிய ஒரு மேடு இருக்கிறது. காது மேடு என்று பெயர். அந்தப் போரில் தலைக்குப் பதிலாகக் கணக்குக்காக அறுத்து உப்பிலிட்டு அனுப்பிய கொரியரின் மூக்குகள் புதைந்த இடம். ஹிதேயோஷியைப் புகழ்ந்து எழுதும் ஒவ்வொருவரும் அதையும் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

“சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள். இத்தனை பேரில் உங்களுக்கு முதலிடம் யாருக்கு?”
– மருந்துக்கடைக்காரர், நாகர்கோவில்

இயெயாசு. களத்தில் அவரைவிட நெப்போலியனும் ஃப்ரெடெரிக்கும் மேல். ஷிங்கெனும் மேல், அவரிடம் இயெயாசுவே தோற்றிருக்கிறாரே. ஆனால் 1600 ஜூலையில் டச்சு மோரிஸ் நியூபோர்ட் மணற்குன்றுகளில் ஸ்பானியப் படையை அருமையாக வென்றார். வென்றுவிட்டு, நினைத்த ஊரைப் பிடிக்க முடியாமல் கப்பலேறித் திரும்பினார். அதே வருடம் அக்டோபரில் இயெயாசு ஒரு பகலில் வென்றதை வைத்து அவர் சந்ததி 1868 வரை ஆண்டது. 1615 ஜூனில் ஒசாகா கோட்டை விழுந்த பிறகு, 1637-ன் ஷிமபாரா கிளர்ச்சியைத் தவிர்த்தால், ஜப்பானுக்குள் இருநூறு வருடத்துக்கு மேல் பெரிய போர் இல்லை. சரியாக இருநூறு வருடம் கழித்து, 1815 ஜூனில் நெப்போலியன் வாட்டர்லூவில் நின்றபோது, அவர் வென்ற நாடுகளில் ஒன்றுகூட அவர் கையில் இல்லை.

விலை கொடுக்காமல் வந்த அமைதி இல்லை அது. ஒசாகாவில் ஹிதேயோஷியின் மகன் ஹிதேயோரி தற்கொலை செய்துகொண்டார். அவருடைய எட்டு வயது மகனைப் பிடித்துத் தலையை வெட்டினார்கள். முதலிடம் கொடுக்கும்போதும் அந்தக் குழந்தையை நான் மறப்பதில்லை.

“இந்தக் கதைக்கும் நம் பக்கத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?”
– மீன்வளத்துறை ஊழியர், தூத்துக்குடி

உங்கள் ஊர்க்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். 1542-ல் வந்து, முத்துக்குளித்துறையில் ஊர் ஊராகக் கைமணி அடித்துக்கொண்டு, தமிழில் மனப்பாடம் செய்த செபங்களைச் சொல்லிக்கொண்டு நடந்த பிரான்சிஸ் சேவியர்தான், 1549 ஆகஸ்டில் ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். அங்கே அவரை வரவேற்றவர் சத்சுமாவின் தலைவர் ஷிமாசு தக்காஹிசா.

அவர் போட்ட பாதையில் பிறகு போனவர் லூயிஸ் ஃப்ரோய்ஸ் என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார். 1569-ல் கியோத்தோவில் ஒரு கோட்டை கட்டும் இடத்தில், அகழிப் பாலத்தின்மேல் நின்று நொபுனாகா அவரோடு நெடுநேரம் பேசினார். வயது என்ன, ஜப்பான் வந்து எத்தனை வருடம் என்று விசாரித்தார். உயரம், ஒல்லி, தாடி குறைவு, உரத்த குரல் என்று நொபுனாகாவின் உருவத்தை நமக்கு எழுதிவைத்தவர் ஃப்ரோய்ஸ்தான். அந்த வேலையிடத்தில் ஒரு பெண்ணின் முக்காட்டை விலக்கிப் பார்த்த சிப்பாயை நொபுனாகா தன் கையாலேயே வெட்டியதையும் எழுதியிருக்கிறார்.

சேவியரை வரவேற்ற தக்காஹிசாவின் மகன் ஷிமாசு யோஷிஹிரோ. செக்கிகஹாராவில் மேற்குப் படை சிதறி ஓடியபோது, அறுபது வயதைக் கடந்த அந்த மனிதர் பின்பக்கம் திரும்பி ஓடவில்லை. சுமார் 1500 பேரோடு கிழக்குப் படையின் நடுவைப் பிளந்துகொண்டு வெளியேறினார். துரத்திய ஈ நவோமசா, நான் மேலே சொன்ன அதே செங்கவசப் படைத்தலைவர், அப்போது துப்பாக்கிக் காயம் பட்டு இரண்டு வருடத்தில் இறந்தார். ஷிமாசு சத்சுமா திரும்பும்போது கூட இருந்தவர்கள் எண்பது பேர் அளவில்தான். அவருடைய குலத்தின் நிலத்தை இயெயாசு தொடவில்லை.